5 கோடி மடங்கு பெரிய டி.என்.ஏ.: கட்டியதும் கையால் இரட்டித்ததும்

பாடப்புத்தகப் படங்களில் டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி. வரைய வசதி, தேர்வில் எழுத அதைவிட வசதி. ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, இரண்டு இழைகளும் ஏன் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன, நகலெடுக்கும்போது ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக உருவாகிறது என்று கேட்டால் பதில் வராது. ‘அது அப்படித்தான்’ என்று நகர்ந்துவிட வேண்டியதுதான். அளவு பிசகாமல் ஒரு மாதிரியைக் கட்டி, செல் செய்கிற வேலையைக் கையாலேயே செய்து பார்த்தால் இந்தக் கேள்விகள் என்னவாகும் என்று பார்க்க ஆசை. அந்த வேலையின் குறிப்பு இது.

முதலில் அளவு. 1 நானோமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன், அதாவது 5 கோடி மடங்கு. டி.என்.ஏ. சுருளின் விட்டம் 2 நானோமீட்டர், எனவே மாதிரியில் 10 செ.மீ. ஒரு கார இணைக்கும் (ஏணியின் ஒரு படி) அடுத்த இணைக்கும் இடையே 0.34 நானோமீட்டர், அது 1.7 செ.மீ. கரைசலில் இருக்கும் டி.என்.ஏ.வில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 10.5 இணைகள். ஆக ஒவ்வொரு இணையும் முந்தையதைவிட 34 டிகிரி சொச்சம் திரும்பி உட்கார வேண்டும், ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 18 செ.மீ. 42 இணைகள் போட்டால் சரியாக நான்கு சுற்று, நீளம் 71 செ.மீ. மேசைக்குள் அடங்கும்.

இதே அளவில் முழுசாகக் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் இணைகள். மாதிரியில் அது 78 கிலோமீட்டர். அந்த பாக்டீரியாவோ இந்த அளவில் 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடம்தான். மனித செல் ஒன்றில் இருக்கும் 2 மீட்டர் டி.என்.ஏ. 1 லட்சம் கிலோமீட்டராகும், பூமியை இரண்டரை முறை சுற்றலாம். சரி, 71 சென்டிமீட்டரே போதும்.

எந்த வரிசையைக் கட்டுவது? மனித குரோமோசோம்களின் முனையில் திரும்பத் திரும்ப வரும் டெலோமியர் வரிசையை எடுத்தேன்: தைமின், தைமின், அடினின், குவானின், குவானின், குவானின். ஏழு முறை அடுக்கினால் 42. எதிர் இழையையும் சேர்த்து எண்ணினால் நான்கு காரங்களும் தலா 21 வருகின்றன, வெட்டுகிறவனுக்கு அது பெரிய வசதி. குரோமோசோமின் முனையில் என்ன நடக்கிறது என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம் என்பது இன்னொரு காரணம்.

காரங்களை வெட்டுதல்

காரங்களுக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் பலகையை மூன்று அடுக்காக ஒட்டி, மேலே 2 மில்லிமீட்டர் அட்டை வைத்தேன். மொத்தத் தடிமன் 17 மில்லிமீட்டர், அதாவது ஒரு அடுக்கின் முழு உயரமும். ஏணிப் படத்தில் படிகளுக்கு நடுவே வெற்றிடம் தெரியும். நிஜத்தில் அப்படி எதுவும் இல்லை. கார வளையங்கள் தட்டையானவை, அவற்றின் தடிமனே 0.34 நானோமீட்டர், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் தண்ணீர் மூலக்கூறு நுழையக்கூட இடம் கிடையாது. சுருள் நிலைத்து நிற்பதற்கு ஹைட்ரஜன் பிணைப்புகளைவிட இந்த அடுக்குதான் கூடுதல் காரணம். இது எந்த ஏணிப் படத்திலும் தெரியாது, ஃபோம் துண்டுகளை அடுக்கும்போது மட்டும் கையில் தெரியும்.

ஒரு இணையின் இரு பக்கத்துச் சர்க்கரைகளும் தொடங்கும் புள்ளிகளுக்கு இடையே 1.08 நானோமீட்டர், மாதிரியில் 5.4 செ.மீ. இரட்டை வளையம் உள்ள அடினினையும் குவானினையும் 3.3 செ.மீ. நீளத்திலும், ஒற்றை வளையம் உள்ள தைமினையும் சைட்டோசினையும் 2.1 செ.மீ. நீளத்திலும் வெட்டினேன். ஒரு பெரியது, ஒரு சிறியது சேர்ந்தால் 5.4 வந்துவிடும்.

ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சின்ன நியோடிமியம் காந்தங்கள். பெரிய காந்தம் போட்டால் மேலடுக்குக் காந்தத்தோடு இழுத்துக்கொள்ளும், 4 அல்லது 5 மில்லிமீட்டர் விட்டம் போதும். ஹைட்ரஜனைத் தரும் இடத்தில் வட துருவம் வெளியே தெரிய வேண்டும், ஏற்கும் இடத்தில் தென் துருவம். சுருளின் வெளிப்புறத்தில் ஓடும் இரண்டு பள்ளங்களில் அகலமான பெரும்பள்ளத்தின் பக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னால், அடினினுக்கு வடக்கு, தெற்கு. குவானினுக்குத் தெற்கு, வடக்கு, வடக்கு. சைட்டோசினுக்கு வடக்கு, தெற்கு, தெற்கு. தைமினுக்குத் தெற்கு, வடக்கு, பிறகு மூன்றாவதாக ஒரு தெற்கு. அந்த மூன்றாவதற்கு அடினினில் ஜோடி கிடையாது. ஆனாலும் தைமினில் அந்த ஆக்சிஜன் அணு இருக்கத்தான் செய்கிறது, எனவே காந்தத்தை விட்டுவிட மனமில்லை. அது பின்னால் நல்ல வேலை செய்தது.

கட்டுவதற்கு முன்னால் துண்டுகளைத் தவறான ஜோடிகளாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே சுவையான பகுதி. அடினினையும் சைட்டோசினையும் நேருக்கு நேர் வைத்தால் வடக்கோடு வடக்கு, தெற்கோடு தெற்கு. தள்ளிவிடும். அடினினும் குவானினும் காந்தத்தைப் பொறுத்தவரை ‘கச்’சென்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் மொத்த நீளம் 6.6 செ.மீ. 5.4 செ.மீ. இடத்தில் அதை உட்கார வைத்தால் முதுகெலும்பு, அதாவது வெளிப்பக்கத்துச் சர்க்கரை–பாஸ்பேட் கோவை, புடைத்துக்கொண்டு நிற்கும். சைட்டோசினும் தைமினும் இதற்கு நேர்மாறு. துருவங்கள் ஓரளவு ஒத்துப்போகும், ஆனால் மொத்தமே 4.2 செ.மீ., நடுவில் எட்டாது. ஆக துருவச் சோதனை, அகலச் சோதனை என்று இரண்டு வடிகட்டிகள். இரண்டிலும் தேறுவது அடினின்–தைமின், குவானின்–சைட்டோசின் மட்டும்தான்.

1953 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் வாட்சன் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பட்டறையிலிருந்து உலோகத் தகடுகள் வந்து சேரத் தாமதமானது, அவர் அட்டையில் காரங்களை வெட்டி மேசைமேல் நகர்த்திப் பார்த்தார். ஹைட்ரஜன் அணு எங்கே உட்காரும் என்பதில் அப்போதைய புத்தகங்கள் தவறாக இருந்தன. அதே அறையில் இருந்த வேதியியலாளர் ஜெரி டொனஹியூ அதைத் திருத்திச் சொன்ன பிறகுதான் துண்டுகள் பொருந்தின. என் மாதிரியில் குவானினின் முதல் காந்தத்தையும் இரண்டாவதையும் திருப்பி வைத்துப் பார்த்தால் அந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். சைட்டோசினோடு சேரவே சேராது. எர்வின் சார்காஃப் அளந்து சொல்லியிருந்த ‘அடினினும் தைமினும் சமம், குவானினும் சைட்டோசினும் சமம்’ என்ற கணக்கும் இந்த இரண்டு ஜோடிகளில் தானாகவே வந்துவிடுகிறது.

அந்த மூன்றாவது காந்தத்துக்கு வருகிறேன். குவானினையும் தைமினையும் நேராக வைத்தால் முதல் இரண்டு காந்தங்களும் தள்ளும். ஆனால் தைமினைப் பெரும்பள்ளப் பக்கமாக ஒரு காந்த இடைவெளி நகர்த்தினால், அதன் இரண்டாவதும் மூன்றாவதும் குவானினின் முதல் இரண்டோடு போய் ஒட்டுகின்றன. அகலமும் கிட்டத்தட்டச் சரி. சர்க்கரை மட்டும் வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். செல்லிலும் நகலெடுக்கும்போது நடக்கும் பிழைகளில் குவானின்–தைமின் இணைதான் அடிக்கடி தலைகாட்டுவது. காந்தத்தை நான் அதற்காக வைக்கவில்லை, அணு இருக்கிறதே என்று வைத்தேன். பிழை தானாக வந்து சேர்ந்தது.

இழையைக் கோத்தல்

ஒவ்வொரு காரத்தின் பின்னாலும் 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் ஒரு சர்க்கரை–பாஸ்பேட் அலகு. அதன் ஒரு முனையில் வளையம், மறுமுனையில் கொக்கி. வளையம் பாஸ்பேட் இருக்கும் 5′ முனை, கொக்கி சர்க்கரையின் 3′ முனை. நூலில் கோத்த இரண்டு மணிகளை ஒவ்வொரு புது அலகின் வளையத்திலும் தொங்கவிட்டேன். செல்லில் இந்த அலகு, அதாவது நியூக்ளியோடைடு, மூன்று பாஸ்பேட்டுகளோடு வருகிறது. இழையில் சேரும்போது இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்றுபோகின்றன, சேருவதற்கான ஆற்றல் அதிலிருந்துதான். மணிகளைக் கழற்றினால்தான் கொக்கியில் மாட்டலாம் என்று விதி வைத்துக்கொண்டேன்.

கம்பியின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். அடுக்கின் உயரம் 1.7 செ.மீ.தான் என்றாலும் இழை வெளிப்புறமாகச் சாய்ந்து சுற்றுவதால் ஒரு அலகிலிருந்து அடுத்ததுக்கு ஏறக்குறைய 3.4 செ.மீ. தேவை. இந்த நீள வித்தியாசம்தான் சுருளையே உண்டாக்குகிறது. முதுகெலும்பு நீளம், அடுக்கோ இடைவெளியை அனுமதிக்காது, ஆக நீளத்தை எங்கேயாவது செலவழிக்க வேண்டும். முறுக்கிக்கொள்கிறது.

முறுக்கு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலது கட்டை விரலை மேலே நீட்டினால் மற்ற விரல்கள் வளையும் திசையில் இழை ஏற வேண்டும். விளம்பரப் படங்களிலும் அட்டைப் படங்களிலும் இடக்கைச் சுருள் கணிசமாகவே தென்படும். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது இழையைக் கோக்கும்போது முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எதிர்க் காரத்தைக் காந்தத்தோடு பொருத்திய பிறகு அதன் கொக்கி எந்தப் பக்கம் நோக்குகிறது என்று பார்த்தால், முதல் இழையில் மேல்நோக்கினால் இதில் கீழ்நோக்குகிறது. அதைத் திருப்ப வேண்டுமானால் காரத்தையே தலைகீழாகப் புரட்ட வேண்டும், புரட்டினால் காந்த வரிசை மாறிவிடும். இழைகள் எதிரெதிராக ஓடுவது ஜோடி சேரும் விதத்திலேயே அடங்கியிருக்கிறது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் அளவீடுகளில் இருந்த படிகச் சமச்சீரைப் பார்த்ததும் வாட்சனின் கூட்டாளி பிரான்சிஸ் கிரிக் இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓட வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். எனக்குக் கொக்கிகள் சொல்லின.

ஒரு இணையில் இரண்டு சர்க்கரைகளும் நேர் எதிரில் இல்லை, ஒரே பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்கின்றன. அதனால் சுருளின் வெளிப்புறத்தில் ஓடும் இரண்டு பள்ளங்கள் சமமாக இல்லை. பெரும்பள்ளம் 2.2 நானோமீட்டர், சிறுபள்ளம் 1.2. மாதிரியில் 11 செ.மீ., 6 செ.மீ. பெரும்பள்ளத்துக்குள் விரலை விட்டால் கார ஓரங்கள் தட்டுப்படும், சிறுபள்ளத்தில் அவ்வளவு எளிதில்லை. சுருளைத் திறக்காமலே வரிசையைப் படிக்கும் புரதங்கள் பெரும்பாலும் பெரும்பள்ளத்தைத் தேர்ந்தெடுப்பது நியாயம்தான்.

நடுவில் ஒரு கம்பியை நட்டு இதை நிறுத்த முடியாது. கம்பி அச்சு வழியாகப் போகும், அப்புறம் இழைகளைப் பிரிக்கவே முடியாது. 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அந்தத் தொட்டிலில் படுக்க வைத்தேன். 10 செ.மீ. சுருள் அதில் தாராளமாக உருளும்.

இரட்டிப்பாதல்

பழைய இழைகளுக்கு நீலம், புது அலகுகளுக்கு ஆரஞ்சு, தொடக்கியாகும் ஆர்.என்.ஏ. அலகுகளுக்கு வெள்ளை. இடது முனையை நீளமான குரோமோசோமின் நடுவில் வெட்டியதாக வைத்துக்கொண்டேன், வலது முனைதான் குரோமோசோமின் உண்மையான முனை. திறப்பு இடமிருந்து வலமாகப் போகும்.

வலது முனையைத் தொட்டிலில் கவ்வி போட்டுப் பிடித்துவிட்டு இழைகளைப் பிரிக்கத் தொடங்கினால், ஒரு சுற்றைத் திறப்பதற்குள்ளேயே முன்னாலிருக்கும் பகுதி இறுகி, வளைந்து, தொட்டிலை விட்டு எழும்பிவிடுகிறது. கணக்குத் தெளிவு. நான்கு சுற்றுகள் இருக்கின்றன, அவை எங்கும் போய்விடாது, மிச்சமுள்ள குறைந்த நீளத்தில் அத்தனையும் அடைந்துகொள்கின்றன. கவ்வியை எடுத்துவிட்டால் சுருள் உருண்டு முறுக்கை விட்டுவிடும். ஆனால் செல்லில் அந்த வசதி இல்லை. பாக்டீரியாவின் டி.என்.ஏ. வளையமாக மூடியது, நம்முடையதோ உருள முடியாத அளவுக்கு நீளம்.

செல்லின் தீர்வை அப்படியே செய்தேன். இறுகிய பகுதியில் ஒரு இழையின் ஒரே ஒரு கொக்கியைக் கழற்றி, மற்ற இழையைச் சுற்றி முறுக்கு அவிழவிட்டு, மறுபடி மாட்டினேன். இறுக்கம் போயே போய்விட்டது. டோபோஐசோமெரேஸ் நொதிகளின் வேலை இதுதான். முதலாவதை 1971-இல் ஜேம்ஸ் வாங் ஈ.கோலையில் கண்டார். பாக்டீரியாக்களிடம் இரு இழைகளையும் வெட்டி ஒட்டும் கைரேஸ் என்ற இன்னொன்று உண்டு, சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து தடுப்பது அதைத்தான். ஈ.கோலையில் ஒரு கவை, அதாவது இரண்டு இழைகளும் பிரியும் இடம், விநாடிக்குச் சுமார் 1,000 காரங்கள் வேகத்தில் போகிறது. அப்படியென்றால் விநாடிக்கு 95 சுற்று முறுக்கு அவிழ வேண்டும். இந்த மாதிரியின் அளவில் கவை விநாடிக்கு 17 மீட்டர் ஓடும். கையில் ஒரு கொக்கியைக் கழற்றி மாட்டியவனுக்கு அந்த எண் உறைக்கும்.

திறந்த இழைகள் சும்மா இருக்கவில்லை, அவற்றின் காந்தங்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன. செல்லில் ஒற்றையிழையைப் போர்த்திவைக்க ஒரு புரதமே இருக்கிறது. நான் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைப் பிளந்து மாட்டினேன்.

புது இழையைக் கோக்கும் நொதியான பாலிமரேஸின் விதிகள் இரண்டு: ஏற்கனவே இருக்கும் கொக்கியில்தான் புது அலகின் வளையத்தை மாட்டலாம், வெறுமையிலிருந்து தொடங்கக் கூடாது. எனவே முதலில் இரண்டு வெள்ளை அலகுகள் தொடக்கியாக. நிஜத்தில் ஏறக்குறைய பத்து இருக்கும், என் மாதிரிக்கு இரண்டு போதும். சைட்டோசின் மிகுந்த பழைய இழையை அச்சாகக் கொண்ட புது இழையில் கொக்கி கவையை நோக்கியே இருக்கிறது. திறக்கத் திறக்க மாட்டிக்கொண்டே போகலாம், அலுப்பே இல்லாத வேலை.

மற்ற இழையில் கொக்கி கவைக்கு எதிர்ப்புறம் நோக்குகிறது. கொஞ்சம் திறந்ததும் கவைக்கு அருகே தொடக்கியை வைத்து, பின்னோக்கி மாட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் கவை முன்னேறியிருக்கும், மறுபடி அங்கே போய்ப் புதுத் தொடக்கி. 42 இடங்களை 14, 14, 14 என்று மூன்று துண்டுகளாகச் செய்தேன். ரெய்ஜி ஒகசாகியும் சுனெகோ ஒகசாகியும் 1960-களில் நகோயாவில் கண்டறிந்த துண்டுகள் இவைதான். பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 காரங்கள், நம் செல்களில் 100 முதல் 200. துண்டுகள் முடிந்ததும் வெள்ளை அலகுகளை எடுத்துவிட்டு, அடுத்து உருவான துண்டின் கொக்கியிலிருந்து ஆரஞ்சு அலகுகளை நீட்டி, கடைசி இணைப்பை மூட வேண்டும். அந்தக் கடைசிக் கொக்கி லைகேஸ் என்ற நொதியின் பங்கு.

இங்கே ஒரு கேள்வி எழும். என் கை எந்தத் திசையிலும் மாட்டும். புது அலகின் கொக்கியை ஏற்கனவே இருக்கும் வளையத்தில் போட்டால் இந்தத் துண்டு வேலையே வேண்டாமே? செய்து பார்த்தேன், மாட்ட முடிகிறது. ஆனால் அப்போது ஆற்றல் தரும் மணிகள் வளரும் இழையின் முனையில் இருக்க வேண்டும், புதிதாக வருவதில் அல்ல. இப்போது ஒரு தவறான அலகு சேர்ந்துவிட்டது, அதைக் கழற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முனையில் மணி இல்லை, ஏற்கனவே செலவாகிவிட்டது. இழை அங்கேயே நின்றுவிடும். சரியான திசையிலோ, தவறான அலகைக் கழற்றினால் கொக்கி அப்படியே காத்திருக்கும், அடுத்து வருவது தன் மணிகளைத் தானே கொண்டுவரும். பாலிமரேஸ் சுமார் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை செய்கிறது, உடனே கழற்றித் திருத்துவதால் அது நூறு மடங்கு குறைகிறது, பின்னால் வரும் இன்னொரு திருத்த அமைப்பு அதை 100 கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவருகிறது. பிழைதிருத்தம் வேண்டுமென்றால் ஒரு திசைதான், ஒரு திசைதான் என்றால் ஒரு இழை துண்டுதுண்டாகத்தான். எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய லாபம் இந்த ஒரு தொடர்பு. மணிகளை நூலில் கோத்து வைக்காமலிருந்தால் இது புரிந்திருக்காது.

திரும்பத் திரும்ப வரும் வரிசையில் இன்னொரு விளையாட்டும் உண்டு. புது இழை ஆறு இடம் வழுக்கிப் போய் உட்கார்ந்தாலும் எல்லாக் காந்தங்களும் பொருந்திவிடும், நடுவில் ஒரு மடிப்பு மட்டும் தொங்கும். இப்படி வழுக்குவதால் திரும்பல் வரிசைகள் தலைமுறைகளில் கூடவும் குறையவும் செய்கின்றன.

முனை

வலது கோடியில் கடைசித் தொடக்கியை எடுத்ததும் இரண்டு இடங்கள் காலி. நிரப்ப வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு கொக்கி வேண்டும். முன்னால் எதுவுமே இல்லை, இழை அங்கே முடிகிறது. ஆக அந்தப் புது இழை 40 அலகுகளோடு நிற்கிறது. நம் உடல் செல்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிரிவின்போதும் இப்படியும் முனையைச் செதுக்கும் நொதிகளாலும் 50 முதல் 200 வரை இணைகள் தேய்கின்றன. குவானின் மிகுந்த பழைய இழையின் கொக்கி மட்டும் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும். டெலோமரேஸ் அதில்தான் ஆறு ஆறாகச் சேர்க்கிறது, தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஆர்.என்.ஏ.வை அச்சாக வைத்து. எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் 1984-இல் கண்ட இந்த நொதியின் வேலையையும் ஆறு அலகுகளைக் கோத்து நீட்டிப் பார்த்தேன். நீண்டுவிட்டால் புதுத் தொடக்கிக்கு இடம் கிடைக்கிறது, காலியாக இருந்த இரண்டும் நிரம்புகின்றன.

முடிவில் தொட்டிலில் இரண்டு சுருள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இழை நீலம், மற்றது ஆரஞ்சு. 1958-இல் மேத்யூ மெசல்சனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும் கனமான நைட்ரஜனை வைத்து ஈ.கோலையில் காட்டியது இதையே. அடுத்த தலைமுறையையும் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு நிறத்தில் 168 அலகுகள் வெட்ட வேண்டும். கட்டப்போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு: காந்தத்தை ஒட்டுவதற்கு முன்பே வட துருவத்தில் மை வைத்துவிடுங்கள், ஒட்டிய பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. கொக்கியின் வாயை 3 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டாம், முறுக்கு ஏறும்போது தானாகக் கழன்றுவிடும்.